சிகும்பாவில் மலை எத்தனை முறை இறங்கியது

வியாழக்கிழமை காலை, மழைக்கு நான்காவது நாள். அண்ணன் வெபுகுலு கூரைமேல் ஏறித் தகரங்களைப் பெயர்த்துக்கொண்டிருந்தான். அண்ணி பாத்திரங்களைச் சாக்கில் போட்டாள். சமவெளிக்குப் போகும் லாரி பதினோரு மணிக்கு வரும் என்று சொல்லியிருந்தார்கள்.

எங்கள் ஊர் புலுகோயாவில் பதினான்கு வீடுகள். பதினான்கும் சிவப்புப் பட்டியலில் இருந்தன. பட்டியலை எழுதியவள் நான்.

விதி எளிமையானதுதான். ஐம்பது ஆண்டுகளுக்குள் ஒரே இடத்தில் மலை இரண்டு முறை சரிந்திருந்தால் அந்த இடம் சிவப்பு. சிவப்பில் உள்ள வீடுகளுக்கு மட்டும் சமவெளியில் மனை உண்டு. ஒரே ஒரு முறை சரிந்திருந்தால் மஞ்சள். மஞ்சள்காரர்கள் அடுத்த ஒதுக்கீடு வரை காத்திருக்க வேண்டும். எங்கே எத்தனை முறை சரிந்தது, எந்த ஆண்டு, என்ன சேதம் என்று எந்த அலுவலகத்திலும் ஏடு கிடையாது. கடைத்தெருப் பள்ளியில் மாலை வகுப்புக்குப் போகிறவள், படிவம் நிரப்பத் தெரிந்தவள் என்று பேரிடர்க் குழுத் தலைவர் முக்வானா என்னை அந்த வேலைக்குப் பிடித்தார். மூன்று மாதம் நடந்தேன். புலுகோயாவில் இரண்டு சரிவுகள் என்று வந்தது. எங்களுக்குக் கீழே, மலையின் அடுத்த மடிப்பில் இருக்கும் சிகும்பாவில் ஒன்று. அங்கே ஒன்பது வீடுகள்.

அன்று காலை எனக்கு ஒரே ஒரு வேலை மிச்சமிருந்தது. ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு பெண் சாட்சியாவது வேண்டும். சிகும்பா படிவத்தில் அந்தக் கட்டம் காலியாக இருந்தது. நான் போன நாளில் அங்கே நான்கு ஆண்கள் கேழ்வரகுக் கள்ளுப் பானையைச் சுற்றி உட்கார்ந்து நீளக் குழல்களால் உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடமே எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டேன். அந்தக் கள்ளைக் காய்ச்சிய நம்போசோ சந்தைக்குப் போயிருந்தாள். லாரி புறப்படும்போது கோப்பு முழுமையாக இருக்க வேண்டும் என்று தலைவர் சொல்லியிருந்ததால் மை டப்பாவை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

நம்போசோ ஊற்றடியில் குனிந்து கையால் சேற்றை வாரி வெளியே வீசிக்கொண்டிருந்தாள். ஊற்றுத் தண்ணீர் செம்மண் கரைசலாக வந்தது.

"முலெம்பே, அக்கா," என்று வணக்கம் சொன்னேன்.

"முலெம்பே, முலெம்பே. வாம்மா எழுத்துக்காரி. ஆம்பளைங்ககிட்ட எல்லாம் கேட்டு முடிச்சாச்சா? மிச்ச சொச்சம் எனக்கா?"

"ஒரு கைநாட்டு மட்டும்தான் அக்கா. மஞ்சள் மாவு வருஷத்துல இங்க மலை இறங்கிச்சுல்ல, அதைப் பாத்தேன்னு."

"எதை? மாட்டை அடிச்சுட்டுப் போச்சே, அதையா? வோடேயா வீட்டை அடிச்சுட்டுப் போச்சே, அதையா?"

"ரெண்டும் ஒண்ணுதானேக்கா?"

அவள் நிமிர்ந்து இடுப்பில் சேற்றுக்கையை வைத்தாள்.

"எது ஒண்ணு? மாட்டை அடிச்சப்போ என் மக நெயும்பே வயித்துல. மேட்டுல ஏற முடியாம மூச்சு முட்டிச்சு எனக்கு. வோடேயா வீட்டை அடிச்சப்போ அவ என் முதுகுல. அப்பத்தான் பல்லு முளைச்சு, ஓட ஓட என் தோளைக் கடிச்சுக்கிட்டே வந்தா. வயித்துல இருக்கிறவ எப்படிம்மா கடிப்பா?"

நான் படிவத்தைப் பார்த்தேன். நான்கு ஆண்கள், நான்கு பதில்கள், எல்லாம் என் கையெழுத்தில். இருவர் மாடுகள் என்று சொல்லியிருந்தார்கள். இருவர் வோடேயாவின் வீடு என்று. ஆண்டு என்ற கட்டத்தில் நால்வருக்கும் மஞ்சள் மாவு. ஒரே ஆண்டு என்பதால் ஒரே சரிவு என்று சேர்த்து எழுதினேன். எத்தனை முறை என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. படிவத்தில் அந்தக் கேள்வி இல்லை.

எங்கள் ஆண்கள் ஆண்டுகளை இம்பாலுவை வைத்துத்தான் சொல்வார்கள். பையன்கள் விருத்தசேதனக் கத்திக்கு முன் அசையாமல் நின்று ஆண்களாகும் சடங்கு அது. இரட்டைப்படை ஆண்டில் மட்டும் நடக்கும். அந்த ஆண்டு நாட்டில் என்ன நடந்ததோ அதுவே அந்தச் செட்டின் பெயர். நிவாரண லாரியில் மஞ்சள் சோளமாவு வந்த தொண்ணூற்றாறில் நின்றவர்கள் மஞ்சள் மாவுச் செட்டு. தொண்ணூற்றெட்டில் நின்றவர்கள் காலராச் செட்டு. நடுவில் உள்ள தொண்ணூற்றேழுக்குப் பெயரே இல்லை. அடுத்த செட்டு வரும்வரை பழைய பெயரிலேயே ஓடும். அந்த நான்கு பேரும் மஞ்சள் மாவுச் செட்டுக்காரர்கள். அவர்களுக்கு இரண்டு ஆண்டும் ஒரே ஆண்டு.

பெண்கள் கத்திக்கு நிற்பதில்லை. பிள்ளைகளைக் கொண்டு கணக்கு வைக்கிறார்கள்.

"அதை விடு, இங்க வா," என்று நம்போசோ என்னை வாழைத்தோப்புக்கு மேலே கூட்டிப்போனாள்.

அங்கே தரை வாயைப் பிளந்திருந்தது. தோப்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரே கோடாக விரிசல். செவ்வாய்க்கிழமை யாரோ குறுக்கே ஒரு குச்சியைப் பாலம்போல் வைத்திருந்தார்கள். இப்போது அது ஒரு கரையில் மட்டும் கிடந்தது, மறுகரை எட்டவில்லை. என் குடையை உள்ளே விட்டேன். முழுக் குடையும் போயிற்று. நுனி எதிலும் தட்டவில்லை.

"ஏன் இன்னும் இங்க இருக்கீங்க?"

"பட்டியல்ல எங்க பேர் இருக்கா?"

நான் குடையை வெளியே இழுத்தேன்.

"இல்லைல்ல? அதான் இருக்கோம். போன தடவை பயந்துக்கிட்டு பேர் இல்லாம இறங்கினவங்க என்ன ஆனாங்க? ரெண்டு மாசம் பள்ளிக்கூட வராந்தாவுல கிடந்தாங்க. கீழ மனையும் இல்ல. திரும்பி வந்தா அவங்க தோட்டத்துல சித்தப்பன் மகன் நின்னு காப்பி பறிக்கிறான். செத்தா எங்க வாழைக்கடியிலேயே சாகறோம். நீ எழுதிட்டு வா, ஓடி வர்றோம்."

மேலே ஏறும்போது பாதி வழியில் நின்றேன். எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் இன்னொன்றைக் கூட்டிக்கொண்டு வரும். சிகும்பாவில் இரண்டை ஒன்றாக எண்ணியிருந்தால், புலுகோயாவில் என்ன செய்தேன்? எங்கள் ஊரில் ஒரு சரிவு மஞ்சள் மாவு, இன்னொன்று காலரா. இரண்டு பெயர், ஆகவே இரண்டு சரிவு. அப்படித்தான் எழுதினேன். அப்போது நான் பிறக்கவில்லை. பிறந்தவர்களிடம் கேட்டு எழுதினேன். அவ்வளவுதான்.

ஊருக்குள் நுழைந்தபோது லாரி வந்திருந்தது. சர்ச்சுக்குப் பக்கத்தில் அண்ணனும் பக்கத்து வீட்டு மகோமுவும் சேர்ந்து கட்டிலைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, மஞ்சள் மாவு வருஷத்துல இங்க மலை இறங்கினப்போ என்ன உடைஞ்சுது?"

"இப்பவா கேப்ப? சர்ச் சுவரு. மணி உருண்டு போய்த் தோப்புல விழுந்தது. பிடி, பிடி, காலைப் பிடி."

"மகோமு அண்ணே, காலரா வருஷத்துல?"

"மணிதான். நாங்க நாலு பேர் தூக்கிட்டு வந்தோம். அடுத்த வருஷம் கத்திக்கு நிக்கணும்னு அப்பவே தொடையில மணி கட்டி ஆடக் கத்துக்கிட்டிருந்தோம்."

"சர்ச் மணி ரெண்டு தடவையா விழுந்தது?"

"ஒரு தடவைதான். நானும்தானே தூக்கினேன்," என்றான் அண்ணன்.

"நீ எங்க தூக்கினே? ஓரமா நின்னு 'மெதுவா, மெதுவா'ன்னு சத்தம் போட்டே."

"எந்த வருஷம் அது?"

"மஞ்சள் மாவு," என்றான் தொண்ணூற்றாறில் நின்ற அண்ணன். "காலரா," என்றான் தொண்ணூற்றெட்டில் நின்ற மகோமு. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன.

"நீ கத்தியையே பாக்கலை, அதுக்குள்ள அது எப்படிடா உன் வருஷம்?"

"உன் காயம் ஆறி ஒரு வருஷம் ஆச்சு, இன்னும் உன் பேர்லயேவா ஓடும்?"

கட்டிலைக் கீழே போட்டுவிட்டு இருவரும் சிரித்தார்கள். என்னைப் பார்த்ததும் அண்ணனின் சிரிப்பு நின்றது.

"என்ன, யாயா?" என்றான். கூடப்பிறந்தவளைப் பிரியமாகக் கூப்பிடுகிற சொல். எங்கள் அப்பா இறந்தபின் அவன் என்னை அப்படிக் கூப்பிடுவது அரிது.

"இங்க மலை ஒரு தடவைதான் இறங்கியிருக்கு. சிகும்பாவுலதான் ரெண்டு தடவை. நான் மாத்தி எழுதிட்டேன்."

அவன் லாரியைப் பார்த்தான். பிறகு எங்கள் வீட்டைப் பார்த்தான். கூரை இல்லாத சுவர்களுக்குள் மழை பெய்துகொண்டிருந்தது.

"வாயை மூடு. நாளைக்குச் சொல்லு," என்றான் மெதுவாக.

நான் தலைவரிடம் போனேன். முக்வானா டிரைவருக்குப் பக்கத்தில் மழைக்கோட்டோடு உட்கார்ந்திருந்தார். சன்னல் வழியாகச் சொன்னேன். விரிசலைச் சொன்னேன், குடையைச் சொன்னேன், நெயும்பேயின் பல்லைச் சொன்னேன். கடைசியில் சொன்னதைக் கேட்டு டிரைவர் சிரித்தான்.

"காயின்சா, இது நீ எழுதின பட்டியல். நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். ஒரு பல்லுக்காக மாத்தினா மாவட்டத்துல என்னைக் கழுதைன்னு சொல்வாங்க," என்றார் தலைவர்.

"ஐயா, அங்க தரை பிளந்திருக்கு."

"அப்ப இறங்கச் சொல்லு. கால் இல்லையா அவங்களுக்கு?"

"பேர் இல்லாம இறங்க மாட்டாங்க. உங்களுக்கே தெரியும்."

அவருக்குத் தெரியும். கோட்டுப் பித்தானைத் திருகினார். "பதினாலு மனை. பதினாலு வீடு. உன் சிகும்பாவைப் போட்டா இங்க ஒன்பது வீட்டை அடிக்கணும். கூரையைப் பிரிச்சுட்டு நிக்கறாங்க பாரு. யாரை அடிக்கட்டும், உன் அண்ணனையா? திங்கக்கிழமை கூட்டத்துல வை. பேசுவோம்."

"சேர்மன், ஆத்துல மரப்பாலம் ஆடுது. உங்க கூட்டத்தை அப்புறம் வச்சுக்கோங்க," என்று டிரைவர் சாவியைத் திருப்பினான்.

முதல் நடையில் பெண்களும் பிள்ளைகளும் போனார்கள். அண்ணி கைக்குழந்தையோடு மேலே ஏறினாள். இரண்டாம் நடையில் ஏறுகிறவர்களைச் சரிபார்க்க வேண்டும் என்று தலைவர் பட்டியலை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். கையெழுத்துப் போட்ட மூலப் பிரதி. பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது.

ஒரு மணி நேரத்தில் மகோமுவின் கைபேசி அடித்தது. லாரி அக்கரைக்குப் போய்விட்டது. பாலத்து மரங்கள் தண்ணீருக்கு அடியில். இன்று இனி வண்டி வராது.

நான் சர்ச் படியில் உட்கார்ந்தேன். பட்டியலை வெளியே எடுத்தேன். பதினான்கு பெயர்கள், கீழே முக்வானாவின் கையெழுத்து, அதற்கும் கீழே நாலு விரல் இடம். பேனாவை இரண்டு முறை உதறினேன். பதினைந்து: நம்போசோ. பதினாறு: வாண்டேபா. எழுத்தைச் சிறிதாக்கி இருபத்து மூன்று வரை எழுதினேன். இப்படி எழுதினால் வேலை போகும், அதற்கு மேலும் ஏதாவது ஆகும் என்று தெரியும். நான் கண்ட விரிசல் வெறும் விரிசலாகவே இருந்து, மலை அசையாமல் போனால்? ஏற்கெனவே ஒரு முறை தப்பாக எழுதியவள்தானே நான்?

நிமிர்ந்தபோது அண்ணன் தலைக்குமேல் ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு எதிரில் நின்றிருந்தான். எவ்வளவு நேரம் நின்றானோ.

"கையெழுத்துக்குக் கீழ எழுதறே."

"ஆமா."

"என் மனையை நீயே புடுங்கறே."

"ஆமா."

அவன் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். பிறகு, "நீ தனியாப் போய்ப் படிச்சா ஒருத்தனும் நம்ப மாட்டான்," என்று சொல்லிவிட்டு எனக்கு முன்னால் இறங்கத் தொடங்கினான்.

சிகும்பாவில் நான் முற்றத்தில் நின்று ஒன்பது பெயர்களையும் உரக்கப் படித்தேன். யாரும் அசையவில்லை. மெலிந்த வாண்டேபா, நான்கு கள்ளுப்பானைச் சாட்சிகளில் ஒருவன், தலையைச் சாய்த்தான்.

"காலையில இல்லாத பேர் மத்தியானம் எப்படி வந்தது?"

"அன்னைக்கு நீங்க ரெண்டு சரிவுன்னு சொல்லலை."

"நீ கேக்கவே இல்லையே!"

"வெபுகுலு, நீ சொல்லு. உன் தங்கச்சி புஸ்தகக்காரி, எதையும் எழுதுவா. நீ பாத்தியா? எங்க பேர் இருக்கா?" என்றாள் நம்போசோ.

அண்ணன் மழையைத் துடைத்துக்கொண்டான். "அந்தப் பேப்பர்ல உங்க ஒன்பது பேரும் இருக்கு. எழுதறப்போ நான் பக்கத்துல நின்னேன். போதுமா? பிள்ளைகளைத் தூக்குங்க."

அவன் சொன்னதில் பொய்யான ஒரு வார்த்தைகூட இல்லை.

அதன்பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் ஓடினார்கள். அரை மணி நேரத்துக்குப் பிறகு பார்த்தால் ஒருவரும் இறங்கவில்லை. எல்லோரும் கூரைமேல் இருந்தார்கள். தகரம் இல்லாமல் யார் மலையை விட்டுப் போவார்கள்? போகிற இடத்தில் தகரம்தான் வீடு. சுத்தியல் சத்தம் ஒன்பது கூரையிலிருந்தும் வந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவே வாழைத்தோப்பில் வேறொரு சத்தம் கேட்டது. நனைந்த துணியைக் கிழிப்பதுபோல. வேர்கள் அறுகின்றன என்று புரிய எனக்குச் சிறிது நேரம் ஆயிற்று.

"தகரத்தை விடுங்க!" அண்ணன் கத்தினான். "நாளைக்கு நானே வந்து எடுத்துத் தர்றேன். இறங்குங்கடா!"

"நாளைக்கு உன் தகரத்தையா தருவே?" என்று வாண்டேபா மேலிருந்தே கேட்டான்.

"தர்றேன்! பதினெட்டு தகரம், கழட்டியே வச்சிருக்கேன். எல்லாத்தையும் எடுத்துக்கோ. இறங்கு!"

இறங்கினார்கள். நான் பாதையின் வாயில் நின்று ஒவ்வொரு தலையாக எண்ணினேன். காலையில் நம்போசோ சொன்ன கணக்கு நாற்பத்தேழு, சரியாக வந்தது. பசுக்கள், கோழிக்கூடைகள், ஒரு தையல் இயந்திரம், முதுகில் குழந்தைகள். பள்ளிக்கூடம் ஒரு பாறை மேட்டில் இருந்தது. அதுவரை இருபது நிமிட நடை. பள்ளி வாசலில் மறுபடி எண்ணினேன். நாற்பத்தாறு. திரும்ப எண்ணினேன். நாற்பத்தாறுதான்.

"வாண்டேபா எங்க?" என்றாள் அவன் மனைவி.

"கடைசியா என் பின்னாலதான் வந்தான்," என்று ஒருவர் சொன்னார். "தகரத்தைப் பத்தி முனகிக்கிட்டே வந்தான்."

அவன் மனைவி பாதையை நோக்கி ஓடினாள். அண்ணன் அவளை இடுப்போடு பிடித்து நிறுத்தினான். அப்போது தரை எங்கள் காலடியில் அதிர்ந்தது. இடியென்று நினைத்தேன், இடி இவ்வளவு நேரம் நீடிக்காது. சிகும்பாவின் வாழைத்தோப்பு நின்ற வாக்கிலேயே, மரங்கள் சாயாமல், மெதுவாக முன்னால் நடந்து வந்தது. பிறகு மெதுவாக இல்லை. முதல் வீடு, இரண்டாவது, நம்போசோவின் கள்ளுக் கொட்டகை. ஒன்பதையும் பார்க்க முடியவில்லை. புகைபோல மண்தூறல் எழுந்து மறைத்தது. அது அடங்கியபோது அங்கே வீடு இருந்ததற்கு எந்த அடையாளமும் இல்லை. ஈரமான சிவப்புச் சரிவு மட்டும் ஆறுவரை கிடந்தது.

யாரும் அழவில்லை. வாண்டேபாவின் மனைவி அண்ணனின் கையைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவன் கையை எடுக்கவில்லை.

ஐந்து நிமிடம் இருக்கும். எனக்கு அது எத்தனை என்று இப்போதும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சரிவின் மறுகரையில், பைன் மரங்களுக்கு நடுவிலிருந்து பளபளவென்று ஏதோ வெளியே வந்தது. இரண்டு தகரங்கள். அவற்றுக்கு அடியில் இரண்டு கால்கள்.

"அந்த மடையன்தான்!" நம்போசோ வாயில் கைவைத்துக் கூவினாள். "டேய் வாண்டேபா! ரெண்டுதானா கிடைச்சுது?"

தகரங்கள் கீழே இறங்கின. அவன் இரு கைகளையும் தூக்கி ஆட்டினான். அப்போதுதான் அவன் மனைவி அழ ஆரம்பித்தாள்.

முக்வானா ஆற்றோரத்தில் இறங்கி லாரியை மட்டும் அக்கரைக்கு அனுப்பியிருந்தார், பாலம் போனதால் இக்கரையிலேயே தங்கிவிட்டார். சத்தம் கேட்டு நடந்தே பள்ளிக்கு வந்தார். முழங்கால்வரை சேறு. வெகுநேரம் சரிவையே பார்த்துக்கொண்டு நின்றார். எத்தனை பேர் என்று கேட்டார். நாற்பத்தேழு பேரும் இருக்கிறார்கள், ஒருவர் மறுகரையில், மகோமு கயிறோடு சுற்றிப் போயிருக்கிறான் என்றேன். கையை நீட்டினார். பட்டியலைக் கொடுத்தேன். தன் கையெழுத்துக்குக் கீழே உள்ளதை விரலை ஓட்டிப் படித்தார்.

"இந்தப் பேப்பர் மழையில நனைஞ்சு வீணாப் போச்சு. என்ன எழுதியிருக்குன்னே தெரியலை," என்றார் தாழ்ந்த குரலில்.

"நனையலைங்க ஐயா. பிளாஸ்டிக் உறையிலதான் இருந்தது."

என்னை வெறித்துப் பார்த்தார். நம்போசோ எங்களுக்கு அருகில் நின்றிருந்தாள்.

"என்ன நனையலை? எங்க பேருக்கு என்ன?"

மறைத்துப் பேச எனக்குத் தெரிந்திருந்தால் அன்று காலையே வேறு மாதிரி போயிருக்கும். "அக்கா, ஐயா கையெழுத்துப் போட்டப்புறம் நானா எழுதின பேருங்க அது. உங்களுக்கு இன்னும் மனை இல்லை," என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"அப்ப பொய் சொல்லித்தான் இறக்கினியா?"

"ஆமாக்கா."

அவள் தன் வீடு இருந்த இடத்தைப் பார்த்தாள். முகத்தில் கோபம்தான் இருந்தது. அதை யார்மேல் இறக்குவது என்றுதான் தெரியவில்லை. பிறகு தலைவர் பக்கம் திரும்பினாள்.

"சேர்மன், இப்ப எண்ணிக்கோ. மாடு ஒண்ணு, வோடேயா வீடு ரெண்டு, இது மூணு. எந்த வருஷம்னு கேட்டு என்கிட்ட யாரையும் அனுப்பாதே."

முக்வானா வகுப்பறைச் சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தார். பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளச் சொன்னார். என்னைத் தாண்டிப் போகும்போது நின்றார்.

"திங்கக்கிழமை கூட்டத்துல நீயே எழுந்து நின்னு எல்லாத்தையும் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்."

"சொல்றேன்."

"ஒன்பது வீட்டுக்கு ஒன்பதை அடிப்பாங்க. உன் அண்ணன் பேரிலிருந்துதான் ஆரம்பிப்பாங்க. அவன் பொண்டாட்டி பிள்ளைங்க அக்கரையில அந்த மனையில உக்காந்திருக்காங்க."

"தெரியும்."

அண்ணன் வராந்தா முனையில் உட்கார்ந்து கடிபட்ட கையைத் துணியால் சுற்றிக்கொண்டிருந்தான். எல்லாம் அவன் காதில் விழுந்திருக்கும். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஒரே கையால் முடிச்சுப் போட வராமல் தடுமாறினான். நான் பிடித்துக்கொண்டேன்.

"நான் உன்கூடப் பேசலை," என்றான்.

"சரி."

"இறுக்கிக் கட்டாதே, வலிக்குது."

கொஞ்சம் தளர்த்திக் கட்டினேன்.